கிழமை சொல்லாத வாக்கு

என்னோடு வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டால் என்னைத் தேடி வருவார்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை வைக்க வேண்டும், நீங்கள் நல்ல இடத்தில் படித்தவர், கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் என்பார்கள். போன வாரம் வந்த பெண் ஒரு முதியோர் இல்லத்தில் பாட்டுப் பாடியதைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தாள். நான் ஒரு கேள்விதான் கேட்டேன்.

"அன்னிக்கு என்ன கிழமை?"

அவள் விழித்தாள். "அது முக்கியமா ஆன்ட்டி?" என்றாள்.

முக்கியம்தான். ஆனால் அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. செகந்திராபாத் லாலாகுடாவில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு இரண்டு வரிசை தள்ளி இருந்த ஓர் அக்காவுடையது. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை என் காரியத்துக்காக எழுதியாகிவிட்டது, அதுவே அதிகம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவருக்கு வேலை. அதனால் குவார்ட்டர்ஸில் எல்லோரும் அவரை எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய அப்பா அதே ஒர்க்‌ஷாப்பில் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார், அதனால் கிடைத்த வேலை. அண்ணன், அண்ணியோடு இருந்தார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். பிறவியிலேயே கண் பார்வை கிடையாது.

அக்காவுக்குப் பிடிக்காத ஒரே விஷயம் கிழமை சொல்லாமல் பேசுவது. எங்கள் ஊரில் அது நடக்கிற காரியமா? இந்தியில் 'கல்' என்றால் நேற்று, நாளை இரண்டும்தான். 'பர்சோ' என்றால் நேற்று முன்தினமாகவும் இருக்கலாம், நாளை மறுநாளாகவும் இருக்கலாம். ஹைதராபாத்துக்காரர்களுக்கு அதுவும் போதவில்லை. பர்சோ என்றால் போன வாரம், போன தீபாவளி, எப்போதோ ஒரு நாள். "பர்சோதான் கல்யாணம் ஆச்சு" என்பார்கள், பார்த்தால் பையன் நாலாம் வகுப்பில் இருப்பான். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழர்களுக்கும் இந்த நோய் தொற்றித்தான் இருந்தது. எங்கள் அப்பா வாயைத் திறந்தாலே பர்சோதான்.

கேஸ்காரர் "பர்சோ ஆத்தூன்" என்று, அதாவது பர்சோ வருகிறேன் என்று, சொல்லிவிட்டு நழுவப் பார்த்தால் அக்கா வாசலில் கையை நீட்டி மறித்துவிடுவார்.

"நக்கோ. பர்சோ எல்லாம் வேணாம். கோன்ஸா தின்? எந்தக் கிழமை, பேர் சொல்லு."

"ஜுமேராத், மேடம்."

"ஹவ், ஆமா. வியாழக்கிழமை. இப்ப போ."

வியாழக்கிழமை அவர் வருவார். வராமல் இருந்தால் வெள்ளிக்கிழமை காலையில் ஏஜென்சிக்குப் போன் போய்விடும். கிழமை சொல்லாத வாக்கு வாக்கே இல்லை என்பது அக்காவின் கட்சி. குவார்ட்டர்ஸில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அவரைப் போலவே குரலை இழுத்து "எந்தக் கிழமை?" என்று பேசிக்காட்டி, எங்கள் வீட்டு விருந்தாளிகளைச் சிரிக்கவைத்த புண்ணியவதி நான்.

அவரிடம் நான் போய்ச் சேர்ந்தது அமீர்பேட் வழியாக. பன்னிரண்டாம் வகுப்பில் அங்கே ஒரு கோச்சிங் சென்டருக்குப் போய்க்கொண்டிருந்தேன். மார்க் மட்டும் பார்க்காமல் பிள்ளை வேறு என்ன செய்திருக்கிறது என்றும் பார்க்கிற ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் மேல் அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. சென்டரிலேயே இதற்கென்று ஒரு கவுன்சிலர் இருந்தார். என் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "மார்க் ஓகே. ப்ரொஃபைல் காலியா இருக்கே" என்றார். வீணை ஆறாம் வகுப்போடு நின்றது. கராத்தே பச்சை பெல்ட்டோடு நின்றது. நீச்சலுக்கு ஒரு கோடை விடுமுறை போனேன், காதில் சீழ் வைத்தது. இதையெல்லாம் அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"சர்வீஸ் ஏதாவது பண்ண வைங்க. நூறு மணி நேரம். லெட்டர் வேணும். ஆனா மார்க் இறங்கக் கூடாது" என்றார்.

மார்க் இறங்காத சர்வீஸ் எங்கே கிடைக்கும்? அம்மா இரண்டு நாள் யோசித்தாள். அந்த நேரத்தில்தான் எக்ஸ்சேஞ்ச் அக்கா தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. கடைசி வருடம் படிப்பது அவள் காதில் விழுந்தது. பாடங்களைப் படித்துக்காட்ட ஆள் வேண்டும், பரீட்சையில் அவர் சொல்லச் சொல்ல எழுத ஆள் வேண்டும்.

"ரெண்டு தெரு நடந்தா போதும். பஸ் இல்ல, வெயில் இல்ல. சரித்திரமும் பொலிடிகல் சயின்ஸும் படிச்சா உனக்கும் ஜெனரல் நாலெட்ஜ் ஆச்சு" என்றாள் அம்மா. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த என் அட்டவணையில் கெமிஸ்ட்ரிக்கும் மாக் டெஸ்டுக்கும் நடுவில் பச்சை மையில் 'சர்வீஸ்' என்று ஒரு கட்டம் வந்தது. செவ்வாயும் சனியும், இரண்டு இரண்டு மணி நேரம்.

முதல் நாள் போனபோது அக்கா மேஜையில் போனை வைத்து, பதிவு செய்யும் பொத்தானை அழுத்தி, நியூஸ் வாசிப்பவர்போல நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. பாடம் ஒண்ணு. படிக்கிறது பாப்பா." அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இதே முன்னுரைதான். அந்தப் பதிவுகளை எக்ஸ்சேஞ்சில் கால் வராத நேரத்தில் ஒரு காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே இருப்பாராம். மற்றக் காது வேலைக்கு.

நான் தமிழில் பேசுவதே அபூர்வம். அம்மா தமிழில் கேட்பாள், நான் இங்கிலீஷிலோ இந்தியிலோ பதில் சொல்வேன். தமிழ் எழுதப் பழகியதெல்லாம் சென்னைக்கு வேலைக்கு வந்த பிறகு. அக்காவுக்கு என் தமிழைக் கேட்டால் சிரிப்பு. "உன் தமிழ் பிரேக் இல்லாத சைக்கிள் மாதிரி இருக்கு பாப்பா, ஆனா ஓட்டு, ஓட்டு" என்பார். பதிலுக்கு நான் அவருடைய இங்கிலீஷ் உச்சரிப்பைத் திருத்துவேன். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. திருத்தியதை மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை எனக்கு அவசரம். ஃபிரெண்டு ஒருத்தியின் பிறந்தநாள். பாடம் ஏழில் இன்னும் பத்துப் பக்கம் பாக்கி இருந்தது. நான் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பி, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல் படித்துக்கொண்டே போனேன். அக்கா கையை உயர்த்தினார்.

"பாப்பா, ரெண்டு தாளு சேர்ந்து திரும்பிச்சே. ஒட்டிக்கிட்டிருக்கா?"

"ஆமாக்கா. ஒட்டிக்கிச்சு."

"எதுக்கு அவசரம்? மெதுவா பிரிச்சுப் படி."

அவ்வளவுதான் சொன்னார். நான் பொய் சொல்ல வேண்டிய வேலையைக்கூட அவரே செய்து கையில் கொடுத்துவிட்டார் என்று எனக்கு அன்றைக்கே புரிந்தது. புரிந்ததும் வெட்கப்பட்டேனா என்றால், இல்லை. தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டேன். வெட்கமெல்லாம் பின்னால் வட்டியோடு வந்தது.

இந்தக் கிழமைப் பைத்தியம் ஏன் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கிற பள்ளி ஹாஸ்டலில் விட்டிருந்தார்களாம். அப்பா பார்க்க வருவார், போகும்போது "பர்சோ வர்றேன்டா கண்ணு" என்பார்.

"எனக்கு எண்ணத் தெரியும் இல்ல? ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி, ரெண்டாம் நாளு போய் கேட்டுல நின்னுக்குவேன். அவரு வர்றது அடுத்த மாசம். பாவம், அவரு மேல தப்பு இல்ல. அந்த வார்த்தையே அப்படி." உரித்த வெங்காயத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "அதுல இருந்து நான் அந்த வார்த்தைய வாயில எடுக்கிறது இல்ல."

இதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இதைத் தெரிந்துகொண்டுதான் பிறகு அதைச் செய்தேன்.

பரீட்சை எழுதித் தருகிறவர் எழுதுகிறவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற நான் அதற்குச் சரி. என் போட்டோ ஒட்டிய அனுமதிக் கடிதம் முன்கூட்டியே பரீட்சை ஹாலுக்குப் போய்விட்டது. நான் வராவிட்டால் கடைசி நேரத்தில் வேறு யாரையும் உட்காரவைக்க முடியாது. மொத்தம் நான்கு பரீட்சை. மூன்றுக்கு ஒழுங்காகப் போனேன். அக்கா சொல்வதை அப்படியே எழுதினேன். கமா எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்பதுவரை அவர் சொல்வார். எல்லாம் அந்த வருடமே தேறிவிட்டால் நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ.வுக்கு விண்ணப்பம் போடலாம். மூன்றாவது பரீட்சை முடிந்து ஆட்டோவில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே வருஷத்துல நாம ரெண்டு பேரும் யுனிவர்சிட்டி போறோம் பாப்பா" என்றார்.

கடைசிப் பரீட்சைக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, திருப்பிப் பார்க்கப் போனேன். அக்கா போனிடம் சொன்னார்: "இன்னிக்கு திங்கட்கிழமை. எல்லா பாடமும். பரீட்சை புதன்கிழமை காலைல பத்து மணி. பாப்பா ஒன்பதுக்கு கேட்டுல." என் பக்கம் திரும்பி, "சரியா?" என்றார். "சரிக்கா" என்றேன். என் 'சரி'யும் அந்தப் பதிவில் இருக்கிறது.

படித்து முடித்த பிறகு என் சர்வீஸ் கடிதத்தை நீட்டினேன். நடுவில் சின்னச் சதுரமாக வெட்டிய ஓர் அட்டையைக் காகிதத்தின் மேல் வைத்து, அந்தச் சதுரத்துக்குள் அக்கா கையெழுத்துப் போட்டார். நூறு மணி நேரம், பொறுப்பாகச் செய்தாள் என்று அதில் இருந்தது. கவுன்சிலர் எழுதிக் கொடுத்த வாசகம். நான் வாசித்துக் காட்டியபோது அக்கா, "பொறுப்பாங்கிறதுக்கு முன்னாடி 'ரொம்ப'ன்னு போட்டிருக்கலாமே" என்றார்.

செவ்வாய்க்கிழமை சென்டரிலிருந்து செய்தி வந்தது. வியாழனன்று வைக்க வேண்டிய கிராண்ட் டெஸ்ட்டைப் புதன்கிழமை காலைக்கு மாற்றிவிட்டார்கள். போன டெஸ்டில் என் ரேங்க் நாற்பதுக்குப் போயிருந்தது. அம்மா முகம் அப்போதே தொங்கிவிட்டது.

"அவங்ககிட்ட சொல்லிப் பாரேன்" என்றாள் அம்மா.

என்ன சொல்வது? சொன்னால் அக்கா பரீட்சை வாரியத்துக்கும் ஹாலுக்கும் பத்துப் போன் போட்டு வேறு ஆளுக்கு அனுமதி வாங்கியிருப்பார். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவருக்கு அது கைவந்த கலை. செவ்வாய்க்கிழமை முழுவதும் எனக்கு நேரம் இருந்தது. கூச்சமாக இருந்தது, நான் சொல்லவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடிதம் என் பையில் இருந்தது. நூறு மணி நேரம் முடிந்துவிட்டது. அந்தப் பச்சை மைக் கட்டம் நிரம்பிவிட்டது என்று மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டது.

புதன்கிழமை காலை அமீர்பேட்டில் போனை வாங்கி வைத்துக்கொண்டுதான் டெஸ்ட் ஹாலுக்குள் விட்டார்கள். பன்னிரண்டரைக்குத் திரும்பக் கையில் வந்தபோது ஆறு மிஸ்டு கால். எல்லாம் ஒரே நம்பர். கடைசியாக வந்தது பத்து இருபதுக்கு. அந்த டெஸ்டில் என் ரேங்க் நாற்பதிலிருந்து முப்பத்தெட்டுக்கு வந்தது. இரண்டு இடம்.

சாயங்காலம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணிதான் கதவைத் திறந்தார். உள்ளே விடுகிற முகமாக இல்லை.

"ஒம்பதுல இருந்து கேட்டுல நின்னிருக்கா. வாட்ச்மேன் சேர் கொண்டாந்து போட்டிருக்கான், உட்காரல. நான் உட்கார்ந்துட்டா கூட்டத்துல பாப்பாவுக்குத் தெரியாதுன்னாளாம்."

அக்கா உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பரீட்சைக்குப் போட்டுக்கொண்டு போன அதே சல்வார். என் செருப்புச் சத்தத்தில் தெரிந்துகொண்டு, "உடம்பு ஏதாவது சரியில்லையா பாப்பா? பயந்துட்டேன்" என்றார்.

உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யாவது என்னோடு போயிருக்கும். என் வாயில் வந்தது வேறு.

"நீங்க பர்சோன்னு சொன்னீங்கக்கா. நான் வியாழக்கிழமைன்னு நினைச்சுட்டேன்."

அண்ணிதான் பேசினார். "யாரு, இவளா? இவ பர்சோன்னு சொல்றவளா? ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

"நக்கோ அண்ணி" என்றார் அக்கா. மேஜையில் அவர் போன் இருந்தது. திங்கட்கிழமையின் பதிவு அதற்குள் இருந்தது. என் 'சரிக்கா'வோடு. ஒரு விரலை நகர்த்தினால் போதும். அவர் நகர்த்தவில்லை. "நான்தான் ஏதோ பதட்டத்துல பர்சோன்னு சொல்லியிருப்பேன். பாப்பா சின்னப் பொண்ணு, அவ என்ன பண்ணுவா."

தாள் ஒட்டிக்கொண்டதா என்று கேட்டாரே, அதே குரல்.

திரும்பி வரும்போது அம்மா பெருமூச்சு விட்டு, "பாரு, அவளே ஒத்துக்கிட்டா. நல்ல பொண்ணு" என்றாள். நான் தலையாட்டினேன்.

அக்காவுக்கு அந்த வருடம் போயிற்று. எம்.ஏ. விண்ணப்பம் போட முடியவில்லை. நான் என் விண்ணப்பத்தில் மும்முரமாக இருந்தேன். கட்டுரையில் ஒரு தோல்வியும் அதிலிருந்து கற்ற பாடமும் வேண்டும் என்றார் கவுன்சிலர். என் வாழ்க்கையில் தோல்வி என்ன இருக்கிறது என்று யோசித்து, அந்தப் பர்சோ கதையை அவரிடம் சொன்னேன். அக்காவிடம் சொன்னபடியேதான் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "இதுதான், இதுதான். இதையே எழுதும்மா."

எழுதினேன். ஹைதராபாத்தின் விசித்திரமான ஒரு வார்த்தை, கண் தெரியாத என் தோழி, பெயரோடு. ஒரு சிறிய தவறான புரிதல், அதனால் தவறிப்போன ஒரு பரீட்சை, மொழியின் பொறுப்பைப் பற்றி நான் அடைந்த ஞானம். இன்டர்வியூவில் மூன்று பேர் இருந்தார்கள். பர்சோவுக்கு நான் விளக்கம் சொன்னபோது மூவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இடம் கிடைத்தது.

படிக்க வெளியூருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அக்கா கூப்பிட்டு அனுப்பினார். "உன் கட்டுரைய எல்லாரும் புகழுறாங்களாமே. அம்மா சொன்னாங்க. என்னைப் பத்தியாமே. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வந்து படிச்சுக் காட்டு பாப்பா."

போகாமல் இருக்க எத்தனை வழி உண்டோ அத்தனையும் யோசித்தேன். கிழமை சொல்லிக் கூப்பிட்டிருந்தார், போனேன். புதுப் புடவை கட்டியிருந்தார். போனை எடுத்துப் பொத்தானை அழுத்தினார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. பாப்பாவோட கட்டுரை. படிக்கிறது பாப்பா."

இரண்டு தாள். அந்தப் பத்தி முதல் தாளின் கடைசியில் தொடங்கி இரண்டாவது தாளுக்குப் போகிறது. விட்டுவிட்டுப் படிக்கலாம் என்று பார்த்தேன். அக்காவின் தலை லேசாகச் சாய்ந்து என் கையின் பக்கம் இருந்தது. தாள் திரும்பும் சத்தத்துக்கு அவர் காது காத்திருந்தது. விடாமல் படித்தேன். சிறிய தவறான புரிதலைப் படித்தேன். ஞானத்தையும் படித்தேன். என் உச்சரிப்பு பிசிறில்லாமல் இருந்தது.

முடிந்ததும் அக்கா, "இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கு" என்றார். மடியில் இருந்த கையை எடுத்து மேஜையில் வைத்தார். "அந்தப் பரீட்சை. அன்னிக்கு என்ன கிழமை பாப்பா? எங்கேயும் போடலையே."

"புதன்கிழமை" என்றேன். கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஹவ்" என்றார் அக்கா. "புதன்கிழமைதான். காலைல பத்து மணி."

போனைத் தடவி எடுத்துப் பதிவை நிறுத்தினார். உள்ளே திரும்பி, "அண்ணி, பாப்பா ஊருக்குப் போறா, ஒரு காபி போடுங்க" என்றார். காபி வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்கிற இரண்டு வார்த்தை எனக்கு எந்த மொழியிலும் வரவில்லை. காபியை மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.